"இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்": ஒரு பணி நியமனத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், மூன்று ஒன்றியங்களில் இயங்கும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. அறிவுசார் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ள பிள்ளைகளுக்குப் பகல்நேரச் சிறப்புப் பள்ளி ஒன்று நடத்துகிறோம். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் களக்குழுவும் உண்டு. இந்த நிகழ்வு நடந்தபோது ஆயாக்கள், வேன் ஓட்டுநர் உட்பட 19 பேர் சம்பளப் பட்டியலில் இருந்தோம். களப்பணி ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன்.

அந்த 19 பேரில் ஒருவர்கூட மாற்றுத்திறனாளி இல்லை. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். அதை ஒரு குறையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை.

2023 மே மாதம் எங்கள் குடும்ப ஆலோசகர் அரசு வேலை கிடைத்துப் போனார். அவர் இடத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. குடும்ப ஆலோசகரின் வேலை பெற்றோருடன்தான். பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து ஒரு வீட்டில் நடப்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்க வேண்டும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா திட்டத்தின் ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க உதவி, கிடைக்கும் வரை பின்தொடர வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆணை பெறச் செய்ய வேண்டும். மாதம் ஒரு பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும். சம்பளம் 16,000 ரூபாய்.

சிறப்பாசிரியர் பணிக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்க வேண்டும், அது சட்டம். குடும்ப ஆலோசகருக்கு அப்படி எந்தச் சட்ட நிபந்தனையும் கிடையாது. ஆகவே விளம்பரத்தில் இருந்த நிபந்தனைகள் அனைத்தும் நாங்களே வைத்தவை.

விளம்பரம்

புதிதாக எதுவும் எழுதவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த கோப்பை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, ஜூன் 5 அன்று வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். விண்ணப்பப் படிவமும் அதே கோப்பில் இருந்தது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) அல்லது எம்.ஏ. உளவியல், இரண்டு ஆண்டு அனுபவம் என்பவற்றுக்குக் கீழே மூன்று வரிகள்: "நல்ல உடல்தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் அவசியம்."

அனுப்பும் முன் நான் படித்துப் பார்த்தேன். என் கண் தேதியில் மட்டும்தான் நின்றது.

தொலைபேசி அழைப்பும் கடிதமும்

ஜூன் 9 அன்று அலுவலகத்துக்கு ஒரு பெண் போன் செய்தார். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர், வயது 27, உதவி எண் மையம் ஒன்றில் இரண்டு ஆண்டு தொலைபேசி ஆலோசகராக இருந்தவர். பிறவியிலேயே பார்வையற்றவர். "படிவம் என் போன்ல படிக்க மாட்டேங்குது. யூனிகோடுல அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். எந்தக் கருவியும் தமிழைத் தமிழாகவே படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. எங்கள் அலுவலக உதவியாளருக்கு அது என்னவென்று தெரியவில்லை. "வீட்ல யாரையாச்சும் படிச்சுச் சொல்லச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாளும் அவர் அழைத்தார். மறுநாளும் அதே பதில்.

ஜூன் 12 அன்று மின்னஞ்சலில் கடிதம் வந்தது. படிவம் இல்லாமலே தன் விவரங்களை வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் மூன்று கேள்விகள். படிவத்தை யூனிகோடில் தர முடியுமா? எழுத்துத் தேர்வு இருந்தால் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) போட்ட கணினியில் எழுதலாமா? மூன்றாவதை அவர் எழுதியபடியே தருகிறேன்: "இந்த வேலைக்குத் தேவை இருசக்கர வாகனமா, அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்வதா?"

உதவியாளரைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. விண்ணப்பதாரரிடம் என்ன பேச வேண்டும் என்று அவருக்கு நாங்கள் சொல்லித் தந்ததில்லை. "யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்" என்பதை எங்கள் பெற்றோர்களிடமே பல தடவை சொல்லியிருக்கிறோம்.

கவனித்தவை

அன்று மாலை என் போனில் உள்ள திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி, எங்கள் பிடிஎஃப்-ஐத் திறந்தேன். பாமினி எழுத்துருவில் நாம் திரையில் பார்ப்பதுதான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில விசையெழுத்துகள். "தமிழில் எழுதப் படிக்கத் தெரியுமா?" என்ற கேள்வியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினேன். "தமிழ்" என்ற சொல் வர வேண்டிய இடத்தில், "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்றது போன். படிவம் முழுக்க அப்படித்தான். ஒரு சொல்லாவது தமிழாகக் காதில் விழுமா என்று கடைசிப் பக்கம் வரை கேட்டேன். விழவில்லை.

அடுத்ததாக, முந்தைய ஆலோசகரின் பயணக் குறிப்பேட்டை எடுத்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவர் போன வீடுகளை எண்ணினேன். மொத்தம் 64 வீட்டுச் சந்திப்புகள். அவற்றில் 39 தடவை பிசியோதெரபிஸ்டுடனோ சிறப்பாசிரியருடனோ, வேனிலோ அவர்கள் வண்டியின் பின்னாலோ போயிருக்கிறார். தனியாகத் தன் ஸ்கூட்டியில் போனது 25 தடவை. அதிலும் 18 தடவை போனது டவுன்பஸ் நிற்கும் ஊர்களுக்கு. 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டிக்கெட் கிடையாது. சொந்த வண்டி இல்லாமல் முடியவே முடியாது என்று மிஞ்சியவை மூன்று மாதத்தில் ஏழு சந்திப்புகள். அந்த ஏழுக்காக உரிமத்தை "அவசியம்" என்று போட்டிருந்தோம்.

மூன்றாவதாக, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். பெற்றோர் கூட்டங்களில் நாங்களே பாடம் நடத்தும் சட்டம் அது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின என்று எங்கள் சுவரிலேயே அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை.

குழுக் கூட்டம்: முடிவுகளும் காரணங்களும்

ஜூன் 17 அன்று செயலாளர், பொருளாளர், பள்ளித் தலைமையாசிரியை, பிசியோதெரபிஸ்ட், நான் ஆகிய ஐந்து பேரும் கூடினோம். யாரும் அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் அக்கறையாகத்தான் பேசினார்கள். அந்த அக்கறைதான் பெரிய தடையாக நின்றது.

பொருளாளர், "வாய்க்கால் வரப்புல நடக்கணும். தெருவுக்கு நாலு நாய். விழுந்து எழுந்தா யார் பொறுப்பு?" என்றார். தலைமையாசிரியையின் கேள்வி வேறு மாதிரி. பிள்ளைக்கு வலிப்பு வந்தால், உடம்பில் காயமோ தழும்போ இருந்தால் ஆலோசகருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கேள்வியை ஒதுக்க முடியாது. அது பிள்ளையின் பாதுகாப்பு.

பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார். இந்த வேலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுவோம். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பார்வை வேண்டுமா வேண்டாமா என்று குறிப்போம். எழுதினோம். பெற்றோரிடம் பேசுவது, கூட்டம் நடத்துவது, அலுவலகங்களுக்கு அலைவது, விண்ணப்பங்களைப் பின்தொடர்வது ஆகியவை ஒருபக்கம் சேர்ந்தன. பிள்ளையின் உடலைக் கவனிப்பது, கையெழுத்துச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது இரண்டும் மறுபக்கம். உடலைக் கவனிப்பது முதலில் தெரபிஸ்டின் வேலை; ஆலோசகரிடம் நாங்கள் அதைக் கூடுதலாக எதிர்பார்த்து வந்தோம் என்பதும் அப்போதுதான் தெளிவானது.

அன்று முடிவானவை: விளம்பரத்திலிருந்து அந்த மூன்று வரிகளையும் எடுப்பது, "களப் பயணம் உண்டு" என்று மட்டும் போடுவது, படிவத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து, கடைசித் தேதியைப் பத்து நாள் தள்ளி, எல்லோருக்கும் மறுபடி அனுப்புவது. அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினால் போதாதா என்று பொருளாளர் கேட்டார். அந்த வரிகளைப் படித்துவிட்டு, கடிதம்கூட எழுதாமல் ஒதுங்கிப் போனவர்கள் இருக்கலாம் என்பதால் எல்லோருக்கும் என்று முடிவு செய்தோம். மறுபடி அனுப்பிய பிறகு ஐந்து விண்ணப்பங்கள் கூடுதலாக வந்தன. அதில் ஒருவர் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர்.

நேர்காணல் நாள்

ஜூலை 1, சனிக்கிழமை. ஆறு பேரை அழைத்திருந்தோம். கடிதம் எழுதிய அந்தப் பெண் தம்பியுடன் வந்தார், கையில் வெண்கோல்.

என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வரவேற்ற நான் அந்தத் தம்பியைப் பார்த்து, "அக்கா டீ குடிப்பாங்களா?" என்று கேட்டேன். தம்பிக்குப் பத்தொன்பது வயதிருக்கும், தரையைப் பார்த்தான். அவர்தான், "குடிப்பேன் மேடம், சர்க்கரை கம்மியா" என்றார். இந்தத் துறையில் பதினாறு ஆண்டு இருந்த பிறகு நான் கேட்ட கேள்வி அது. எங்கள் பெற்றோர்களில் பலரிடம், "பிள்ளைகிட்ட நேராப் பேசுங்க, அவனைப் பத்தி உங்ககிட்ட கேக்குறவங்களைத் திருத்துங்க" என்று சொல்லித் தருவதே நான்தான்.

எழுத்துத் தேர்வுக்கு என்விடிஏ திரைவாசிப்பானை மடிக்கணினியில் போட்டு வைத்திருந்தோம். இலவச மென்பொருள்தான், செலவில்லை. ஆனால் அதில் தமிழ்க் குரலைத் தேர்வு செய்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தேர்வு தொடங்கிய பின் அவரே அதைச் சரிசெய்தார். கால்மணி நேரம் போனது. அரசுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் ஈடுசெய் நேரம் தருகிறார்கள். நாங்களும் அதைத் தந்தோம். போன கால்மணி நேரத்தைத் தனியாகச் சேர்த்தோம்.

மூன்றாவது கட்டம் ஒரு பயிற்சி உரையாடல். எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் அம்மா, முதல்முறையாக உதவி கேட்டு வருபவராக உட்காருவார். விண்ணப்பதாரர் அவரிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். ஆறில் நான்கு பேர் "யுடிஐடி எடுத்தாச்சா?", "எத்தனை சதவீதம் போட்டிருக்காங்க?" என்று தொடங்கினார்கள். இவர் நாற்காலியைக் குரல் வந்த பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, "தம்பி ராத்திரி தூங்குறானாக்கா?" என்று கேட்டார். "ரெண்டு மணி ஆயிரும்" என்றார் அந்த அம்மா. "அப்ப நீங்க எப்பத்தான் தூங்குவீங்க?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்து, நாங்கள் நேரம் முடிந்தது என்று சொன்ன பின்னும் பேசிக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகளாக எங்கள் பள்ளிக்கு வருபவர். அவர் தூக்கத்தைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை.

மொத்த மதிப்பெண்ணில் அவருக்கே முதலிடம். எழுத்துத் தேர்வில் மட்டும் இரண்டாவது.

தாமதம்

ஒரு வாரத்தில் தர வேண்டிய நியமன ஆணையைத் தர மூன்று வாரம் ஆனது. அதற்குக் காரணம் ஒரு கடிதம். பணியில் ஏதேனும் நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று அவருடைய அப்பாவிடம் எழுதி வாங்க வேண்டும் என்றார் பொருளாளர். கூட்டத்தில் நான் வலுவாக மறுக்கவில்லை. ஆள் வேலைக்கு வந்தால் போதும் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தைக் கேட்டு அவருக்கு போன் செய்ததும் நான்தான்.

"எனக்கு 27 வயசு மேடம். என் வேலைக்கு எங்கப்பா எதுக்குக் கையெழுத்துப் போடணும்? மத்தவங்க அப்பாகிட்டயும் வாங்குறீங்களா?"

வாங்குவதில்லை. வெயிலிலும் மழையிலும் வண்டியில் அலையும் எங்கள் களப்பணியாளர்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் விபத்துக் காப்பீடே இல்லை என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உறைத்தது. அவர்களில் இரண்டு பேர் அதற்கு முந்தைய ஆண்டு வண்டியிலிருந்து விழுந்தவர்கள். கடிதத்தைக் கைவிட்டு, களப்பணியாளர் எல்லோருக்கும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடு எடுத்தோம். பொருளாளரே அலைந்து எடுத்தார். ஜூலை 22 அன்று ஆணை கொடுத்தோம். ஆகஸ்ட் 1 அன்று பணியில் சேர்ந்தார். பிள்ளைகளோடு பழகும் ஊழியர் எல்லோருக்கும் செய்ய வேண்டிய காவல்துறைச் சரிபார்ப்பை அவருக்கும் அதே முறையில் செய்தோம்.

முதல் மாதச் சம்பளமும் தாமதமானது. எங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை, கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம் கைநாட்டும் சாட்சியும் கேட்டது. பார்வையற்றவர்களுக்கு எல்லா வசதியும் பாகுபாடின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு அவரே போய்ப் பேசி முடித்தார்.

பணியில் பதினொரு மாதம்

நாங்கள் பயந்தது ஒன்று, இடறியது வேறொன்று. பாதைகள் பெரிய சிக்கலாக இல்லை. ஊர் பஸ் நிறுத்தத்துக்கு யாராவது ஒரு அம்மா வந்து நிற்பார். அலுவலக வாசலில் இருந்த மூடியில்லாத சாக்கடைதான் தினசரித் தொல்லை. நகராட்சிக்கு நான்கு முறை எழுதினோம். கடைசியில் நாங்களே ஒரு தார் டின்னை அங்கே நிறுத்தினோம், அவர் கோல் தட்டித் திரும்பிக்கொள்ள. அது இன்றும் அங்கேதான் நிற்கிறது.

கோப்புகள் பெரும் இடைஞ்சல். குடும்ப விவரங்கள் எல்லாம் கையால் எழுதிய பதிவேடுகளில் இருந்தன. அச்செழுத்தைப் படிக்கும் செயலிகள் கையெழுத்தில் தடுமாறின. இரண்டு மாதம் பகுதிநேரமாக ஒருவரை வைத்து 140 குடும்பங்களின் விவரத்தைக் கணினியில் ஏற்றினோம். பெற்றோர் படம் எடுத்து அனுப்பும் சான்றிதழ்களை அவரால் பார்க்க முடியாது என்பதால், "என்ன காகிதம், யார் கொடுத்தது, என்னைக்குத் தேதி போட்டிருக்குன்னு பேசி அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டார். எழுத வராத பல அம்மாக்கள், இதுவரை எங்களுக்கு ஒரு செய்திகூட அனுப்பாதவர்கள், குரல்பதிவு அனுப்பத் தொடங்கினார்கள்.

தலைமையாசிரியை கேட்ட கேள்வி நவம்பரில் நேராகவே வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க ஆலோசகர் தனியாகப் போனார். ஐந்து வயதுக் குழந்தை. அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசித் திரும்பினார். நான்கு நாள் கழித்துப் போன பிசியோதெரபிஸ்ட், அந்தக் குழந்தை சில நொடிகள் அசையாமல் வெறித்துப் பார்த்து மீள்வதைக் கவனித்து, வலிப்பாக இருக்கலாம் என்று மருத்துவமனைக்கு அனுப்பினார். வலிப்புதான், மருந்து தொடங்கினார்கள். அவ்வகை வலிப்பை அம்மாவே "ஏதோ யோசிக்கிறா" என்றுதான் நினைத்திருந்தார். பார்வையுள்ள ஆலோசகர் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பாரா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த வாரம் ஆலோசகர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவரே ஒரு விதி எழுதிக்கொண்டு வந்தார்: எந்தப் புதிய வீட்டுக்கும் முதல் தடவை தெரபிஸ்டும் ஆலோசகரும் சேர்ந்துதான் போக வேண்டும். அதை எல்லோருக்குமான விதியாக்கினோம்.

பெற்றோர் கூட்டத்துக்கு வழக்கமாக 20 பேர் போல வருவார்கள். மார்ச் மாதம் 50 பேர் வந்தார்கள். அவர்களில் அப்பாக்கள் ஒன்பது பேர்.

2024 ஜூன் இறுதியில் அவர் விலகினார். பொதுத்துறை வங்கி ஒன்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு சதவீத ஒதுக்கீட்டில் எழுத்தர் பணி கிடைத்திருந்தது. சம்பளம் எங்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் தடுக்க எங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. விலகும் முன் பேசியபோது, "சம்பளம் மட்டும் இல்ல மேடம். இங்க ஏறிப் போக அடுத்த படியே இல்ல" என்றார். குடும்ப ஆலோசகர் பணிக்கு மேலே எங்கள் அமைப்பில் பதவி எதுவும் இல்லை. அவருக்கு முன் இருந்தவர்கள் விலகியதும் அதனால்தானா என்று நாங்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

மாற்றியவையும் மாறாதவையும்

எல்லாப் படிவங்களும் இப்போது யூனிகோடில் உள்ளன. அனுப்பும் முன் ஒருவர் டாக்பேக்கில் முதல் பக்கத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சமவாய்ப்புக் கொள்கை இரண்டு பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்பும் பணிகளைத் தாளில் எழுதிப் பிரிக்கிறோம். நேர்காணலுக்கு அழைக்கும் எல்லோரிடமும், "வருவதற்கும் தேர்வு எழுதுவதற்கும் உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறோம். மறுபடி இப்படி ஒரு சூழல் வந்தால், அப்பாவிடம் கடிதம் வாங்கும் பேச்சு எழும் கூட்டத்திலேயே நான் எதிர்ப்பேன். அன்றே எதிர்த்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சம்பளம் 18,000 ஆகியிருக்கிறது. மூத்த ஆலோசகர் பணியிடம் ஒன்றை உருவாக்கும் முன்மொழிவு நிர்வாகக் குழுவில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்போது கணக்கு உதவியாளர் பணிக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறோம். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் காது கேளாதவர். நேர்காணலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பக்கத்து மாவட்டத்துக் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பஸ் கட்டணமும் அன்றைய ஊதியமும் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். நேர்காணல் வருகிற வியாழக்கிழமை.